சமயத்தைப் படிப்பதும் சமயங்களைப் பற்றிப் படிப்பதும்

முதுகலையில் சமய ஒப்பாய்வை எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது என் அத்தை கேட்ட முதல் கேள்வி, "அங்கே எந்தச் சாமியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்கள்?" என்பதுதான். சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கேள்வியன்று அது. முழுக்க அரசின் நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது கூறு சொல்கிறது. அப்படியானால் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று சமயங்களைப் பாடமாக வைப்பது எப்படி? நீதிமன்றம் வரை சென்ற ஐயம் இது. குரு நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்வி நோக்கில் ஆராய்வது சமயப் போதனை ஆகாது என்று 1971ஆம் ஆண்டு டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்கு 28ஆவது கூறு தடையாகாது என்று 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் 1963இல் வந்த ஷெம்ப் வழக்கின் தீர்ப்பும் இதே கோட்டைத்தான் போட்டது. அரசுப் பள்ளியில் வழிபாடாக விவிலியம் வாசிப்பதைத் தடை செய்த அத்தீர்ப்பு, சமயங்களை ஒப்பிட்டுப் படிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னதால், அதன்பின் அங்கே பல அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் தோன்றின.

நம் நாட்டில் கதை வேறு வழியில் சென்றது. 1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பின் முதலாண்டில் புத்தர், கன்பூசியஸ், இயேசு, நபிகள் நாயகம், இராமானுசர், கபீர் முதலிய பெரியோரின் வாழ்க்கையையும், இரண்டாமாண்டில் உலகச் சமயங்களின் திருநூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளையும், மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்களையும் கற்பிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. அதற்கு மாறாக நமக்குக் கிடைத்தவை தனித்தனித் துறைகள். சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டால், சைவ சித்தாந்தத்திற்கு ஒரு துறை, வைணவத்திற்கு ஒன்று, சமணவியலுக்கு ஒன்று, கிறித்தவவியலுக்கு ஒன்று, இஸ்லாமிய ஆய்வுக்கு ஒரு மையம் என்று அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் பயனுள்ளதே. மூலநூல்களில் ஆழ்ந்த புலமை அங்கேதான் வளர்கிறது. ஆனால் சைவ சித்தாந்தம் பயில்பவர் பக்கத்து அறையில் நடக்கும் சமண வகுப்பிற்குள் கால் வைக்காமலேயே பட்டம் பெற்றுவிடலாம் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. பாட்டியாலாவிலுள்ள பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1960களின் இறுதியிலேயே பல சமயங்களையும் ஒரே துறைக்குள் கொண்டுவந்ததை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

எங்களுக்கு வாய்த்தது 'உலகச் சமயங்கள்' என்ற தாள். ஒரே பருவத்தில் அத்தனை சமயங்களையும் முடித்தாக வேண்டும். நிறுவனர், திருநூல், கோட்பாடு, பண்டிகைகள் என்ற நான்கு தலைப்புகளின்கீழ் ஒவ்வொரு சமயத்தையும் அடுக்கியிருந்தார்கள். இந்த அச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வார்க்கப்பட்டது. ஜெர்மனியில் பிறந்த வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் பதிப்பாசிரியராக இருந்து தொடங்கிய கீழைத்தேயத் திருநூல் வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகளாக வெளிவந்தது. சமயம் என்றால் அது நூலில் இருக்கும் என்ற சீர்திருத்தக் கிறித்தவர்களின் (புராட்டஸ்டன்ட்) நம்பிக்கை அந்த முயற்சியின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. (முல்லர் ஒருமுறையேனும் இந்தியாவிற்கு வந்ததில்லை.) இந்த அச்சில் வார்த்தால் இந்து சமயத்திற்கு நிறுவனர் கட்டம் காலியாக நிற்கும். எங்கள் ஊர் எல்லையில் குதிரையோடு நிற்கும் அய்யனாரோ எந்தக் கட்டத்திலும் அடங்கமாட்டார்.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் நினியன் ஸ்மார்ட். 1967இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கியவர் அவர். சடங்கு, புராணக் கதை, உள்ளனுபவம், சமூக அமைப்பு, அறநெறி, கோட்பாடு, கட்டடமும் படிமமும் போன்ற பொருள்கள் என்று ஒரு சமயத்தை ஏழு பரிமாணங்களில் பார்க்கச் சொன்னார். கோட்பாடு ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிடுவதே இதன் சிறப்பு. கள ஆய்விற்கு எங்களை நாகப்பட்டினத்திற்கு அனுப்பிய பேராசிரியர், இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கோட்பாட்டைக் கடைசியில் நிரப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

இதற்கு அந்தக் கரையைவிடப் பொருத்தமான பாடநூல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரா 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். வாசலில் கை, கால், கண், வீடு, படகு ஆகிய உருவங்கள் பொறித்த மெல்லிய தகடுகள் விற்கிறார்கள். நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிச் செலுத்துகிறார்கள். குளக்கரையில் முடியிறக்குகிறார்கள். அங்கிருந்து தெற்கே வேளாங்கண்ணிக்குச் சென்றால் அதே தகடுகளும் அதே மொட்டைத் தலைகளும் உண்டு. செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவை ஒட்டிக் காவி உடுத்து வெறுங்காலோடு நடந்து வருபவர்கள் உண்டு. மாதா சேலை உடுத்தி நிற்கிறார். இவ்விரண்டிற்கும் நடுவில், இராசராச சோழன் காலத்தில் சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர் நாகப்பட்டினம். அந்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் அளிக்கப்பட்ட செய்தியைத் தாங்கிய செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவை. பாழடைந்து நின்ற பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் வெண்கலங்கள் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

திரும்பி வந்ததும் ஒரு மாணவர் தம் அறிக்கையை, எல்லாச் சமயங்களும் அடிப்படையில் ஒன்றே என்று முடித்திருந்தார். பேராசிரியர் அந்த வரியை அடித்து, ஓரத்தில் சிவப்பு மையில் "யார் சொன்னது?" என்று எழுதிவிட்டார். பல்கலைக்கழகத்தில் நான் கண்ட மிகச் சிறந்த திருத்தம் அது என்பேன். தகடு ஒன்றாக இருக்கலாம். அதைச் செலுத்துபவர் செய்வது என்ன என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொல்வர். மாதாவிற்குச் செலுத்துவது வணக்கமே தவிர, கடவுளுக்குரிய ஆராதனை அன்று என்று கத்தோலிக்கத் திருச்சபை கவனமாகப் பிரித்துச் சொல்லும். தர்காவில் நேர்ந்துகொள்வதே மார்க்கத்திற்கு முரண் என்று, இறைவனிடம் மட்டுமே வேண்ட வேண்டும் என்னும் தவ்ஹீத் கொள்கையினர் வாதிடுவர்.

இங்கேதான் கனடிய சமய ஆய்வாளர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் 1959இல் முன்வைத்த விதி நினைவிற்கு வருகிறது. ஒரு சமயத்தைப் பற்றி வெளியார் சொல்லும் கூற்று, அச்சமயத்தார் ஏற்கக்கூடியதாக இருந்தால்தான் செல்லும் என்றார் அவர். படித்த அன்று மிக நேர்மையான விதியாகத் தோன்றியது. நாகூரில் நின்றபோது, எந்தச் சமயத்தார் என்ற கேள்வி எழுந்தது. தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்குக் குடும்பத்தோடு வந்தவரும் கந்தூரியே கூடாது என்பவரும் முஸ்லிம்களே; ஒருவர் தலையசைக்கும் வாக்கியத்திற்கு மற்றவர் தலையசைக்கமாட்டார். இருவரையும் எழுதி, அவர்களுக்கிடையிலான வாதத்தையும் எழுதுவதுதான் ஆய்வாளரின் வேலை என்ற முடிவிற்கு நான் வந்தேன். தீர்ப்பு அவருடைய வேலையன்று.

மணிமேகலை வஞ்சி நகரில் மாதவர் வடிவம் கொண்டு சமயக்கணக்கர் (சமயவாதிகள்) ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும் காதை, கேட்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி. ஆனால் அது பௌத்தக் காப்பியம். கேட்டு முடித்தபின் அவள் போய்ச் சேரும் இடம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் அந்தக் கடைசிக் கட்டத்தை மாணவரின் சொந்த வாழ்க்கைக்கு விட்டுவிடுகிறது.

பிறர் சமயத்தைப் படிப்பதைவிடத் தன் சமயத்தை இப்படிப் படிப்பதே கடினம். சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் பகுதி வகுப்பிற்கு வந்தபோது, தேவாரம் ஓதும் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரும், திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர் ஒருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். நிகழ்ச்சி நடந்ததற்குச் சமகாலக் கல்வெட்டுச் சான்று இல்லை. இவற்றைச் சொன்னதும் சைவ மாணவருக்கு ஒரு நிம்மதி. நடக்காத ஒன்றைப் பிற்காலத்தவர் பெருமையோடு பாடவும் கோயில் விழாவில் நடித்துக் காட்டவும் ஏன் விரும்பினார்கள் என்று சமண மாணவர் கேட்டார். அந்த வகுப்பு மணியடித்த பிறகும் வெகுநேரம் நீண்டது.

இத்துறைக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் நடைமுறைக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் சமய ஒப்பாய்வு தனிப் பாடமாகவே இருக்கிறது. பணியிடங்கள்தாம் மிகக் குறைவு. இதழியல், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் என்று வேறு பக்கம் போனவர்களே என் வகுப்பில் அதிகம். சேர்வதென்று முடிவெடுத்தால், முதல் பருவத்திலேயே பாலி, அரபு, வடமொழி, எபிரேயம் இவற்றில் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். ஆய்வுப் பட்டத்திற்குப் பதிவு செய்தபின் எழுத்துக் கூட்டத் தொடங்கியவர்கள் படும் பாட்டை நூலகத்தில் தினமும் பார்க்கிறேன்.