இடது மடல் மேலே

ஜூன் 9
கியோட்டோவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. காகிதமெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. எனக்கு ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியரை, சென்செய்யை, நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "படத்தை நிறுத்தாதே" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

ஜூன் 11
ராத்திரி ஊறப்போட்ட நிகாவாவை, வண்ணத்தில் கலக்கும் விலங்குப் பசையை, காலையில் வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும். அப்புறம் கோஃபுன், முகத்துக்குப் பூசும் வெள்ளை. சிப்பி ஓட்டுத் தூளைக் கல்வத்தில் அரைத்து, பசை விட்டுப் பிசைந்து, உருட்டி, தட்டில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். நூறு தடவை. எண்பதோடு நிறுத்தினால் முகம் வெடிக்கும் என்பார் சென்செய். நூற்றிருபது அடித்தேன்.

ஜூன் 12
போன் வரவில்லை.

ஜூன் 14
கிமோனோவுக்குக் குன்ஜோ நீலம். கல்லைப் பொடித்ததுதான், தூளுக்கு இட்ட எண் ஏற ஏற அது நைசாகும், நிறம் வெளுக்கும். அடியில் நைசானது, மேலே கரடானது. ஈரத்தில் கறுப்பாகத் தெரிகிறது. காயட்டும்.

ஜூன் 15
படத்தில் கிமோனோவின் மார்பு மடல் மாறிவிட்டது.
கோட்டுப் படத்தை நகலெடுக்கும்போது தாளைப் புரட்டி வைத்திருக்கிறேன். உடுத்தியவரின் இடது மடல்தான் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்துவது. இத்தனை நாள் எதிரிலேயே உட்கார்ந்து பூசியும் கண்ணில் படவில்லை. அந்தக் கழுத்துச் சாய்வு சென்செய்யைப் பார்த்து வரைந்தது.

ஜூன் 16, அதிகாலை 3 மணி
தூக்கமில்லை. உவேமுரா ஷோயென் 1918-இல் வரைந்த 'ஹோனோ' (தீச்சுடர்) ஓவியத்தின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொறாமையில் வேகும் அந்தப் பெண்ணின் கிமோனோவில் விஸ்டீரியாப் பூக்களோடு சிலந்தி வலை. முகத்தில் சொன்னது போதாமல் துணியிலும் சொன்னார். தெரிந்தே, ஒவ்வொரு இழையாக. நான் தெரியாமல் எதைச் சொல்லிவைத்தேன்?

ஜூன் 17
வெதுவெதுப்பான நீரைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்தேன். பசை இளகி நீலம் எழும்பி வந்தது. துணியால் ஒற்றி, மறுபடி நீர். கழுத்து வெள்ளையில் ஒரு சொட்டும் படவில்லை. நான்கு மணி நேரம்.

ஜூன் 18
கால் மணி நேரம் பார்க்க விட்டார்கள். உள்ளே போனதும் அவர் உடுப்பின் மடலைத்தான் பார்த்தேன். இடதுதான் மேலே.
"ஏன் அங்கேயே பார்க்கிறாய்?" என்றார். சொல்லவில்லை.
"வெள்ளை எத்தனை அடி?"
"நூற்றிருபது, சென்செய்."
கண்ணை மூடிக்கொண்டார். கை மெலிந்துவிட்டது.

ஜூன் 20
புது மடல் பூசியாயிற்று. விடாத மழை. உதட்டுச் சிவப்பு அவர் வந்தபிறகு.

ஜூன் 21
விரல் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஈரம்.