ஒன்பதாம் வாட்டும் ஒரு நஞ்சுக் கதையும்

ஜனவரி 8, 2025
டெங்குதான் என்று உறுதியாகிவிட்டது. மாரி மழை விட்டுவிட்டுப் பெய்ததில் திருகோணமலையில் எங்கள் உவர்மலைப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நுளம்பு வலைக்குள் படுத்திருக்கிறேன். கட்டிலோடு ஒரு தாள் தொங்குகிறது. குடிப்பது ஒரு பக்கம், போவது மறுபக்கம், எல்லாம் மில்லிலீற்றர் கணக்கு. மூத்திரத்தையும் அளந்து எழுத வேண்டும். வெட்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டிய இடம் இது.

தங்கச்சி ஜீவனியோடு (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) ஒரு நாவலும் வைத்துவிட்டுப் போனாள். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 1920இல் வந்தது. பணக்காரக் கிழவிக்கு யாரோ நஞ்சு வைத்துவிடுகிறார்கள். நோயாளிக்குக் கொடுக்க நல்ல புத்தகம்தான்!

ஜனவரி 9
கண்ணுக்குப் பின்னால் குத்து. வாசிக்கவில்லை.

ஜனவரி 10
காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "இனித்தான் கவனமா இருக்கணும்" என்றார் தாதி மிஸ். சூடு இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குமாம். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். பிளேட்லெட் 1,50,000க்கு மேல் இருக்க வேண்டியது, எனக்கு 58,000. மணிக்கொரு தரம் பிரஷர் பார்க்கிறார்கள்.

பின்னேரம் நாவலை எடுத்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் கிறிஸ்டி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர். எந்த மருந்து எவ்வளவில் நஞ்சாகும் என்பது அவருக்குக் கைப்பாடம். அதனால்தான் கதையில் ஒரு கோப்பை கோப்பியைக் கண்டாலும் வயிறு கலங்குகிறது.

ஜனவரி 11
விடிய மிஸ் தாளைப் பார்த்துவிட்டு, "ராத்திரி யார் எழுதினது?" என்று கேட்டார். என் கையெழுத்து இல்லை. 1.10க்கு 150, 2.20க்கு 100, 3.30க்கு 150. கோணல் எழுத்து, ஐந்து எல்லாம் குப்புற விழுந்து கிடந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. அரைத் தூக்கத்தில் யாரோ பிடரியைத் தாங்கி, "கொஞ்சம் குடி தம்பி" என்றது. பக்கத்துக் கட்டில் கிண்ணியா நானா, அந்த முஸ்லிம் அண்ணன். அவர் கையிலும் ஊசி குத்தித்தான் இருந்தது, அவருக்கும் டெங்குதான்.

நன்றி என்று எத்தனையோ கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சொல் வாயில் வரவே மாட்டேன் என்றது. கடைசியில் சொன்னேன். நானா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதை விடு. அந்தக் கிழவிக்கு என்ன நடந்தது?"

ஜனவரி 12
பிளேட்லெட் ஏறுகிறது. இரவெல்லாம் நானாவுக்குக் கதை சொன்னேன். வாட்டே காது கொடுத்தது. எதிர்க் கட்டில் ஐயா ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார், துப்பறிகிறவர் உட்பட.

ஜனவரி 13
நானாவுக்குத் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கதை பாதியில் நிற்கிறது. போகும்போது மிச்சச் செவ்விளநீரை என் மேசையில் வைத்தார்.

ஜனவரி 19
அம்மா பொதி செய்த பலகாரத்தோடு கிண்ணியாவுக்குப் போனேன். முந்தி பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி இறங்கின இடம், 2009இல் பாலம் வந்த பிறகு பஸ் நிற்காமல் ஓடுகிறது. நானா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். கும்பிட்டுப் பேச நினைத்து வந்ததைத் தொடங்க விடவில்லை.

"புருஷன்காரன்தானே செய்தது?"

"சொல்ல மாட்டேன் நானா. இருங்க, வாசிக்கிறேன்."

மகளைக் கூப்பிட்டு இன்னொரு பிளேன்ரீ போடச் சொன்னார்.