மகள் பெட்டியில் வந்த மிட்டாய்

மார்கழியில் எங்கள் நகரத்தார் வீடுகளில் கும்பிடுகிற பிள்ளையார் நோன்புக்கு மகள் நியூஜெர்சியிலிருந்து காரைக்குடி வந்திருந்தாள். பெட்டியைத் திறந்ததும் மேலாகவே ஒரு தலையணை உறை, உள்ளே முக்கால்வாசிக்கு மிட்டாய். அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி பேத்தியும் பேரனும் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கியதில் மிச்சம்.

"ஆத்தா, அங்க சில பல் டாக்டருங்க இதை எடை போட்டுக் காசு குடுத்து வாங்கிக்கிறாங்க. இவ குடுக்க மாட்டேன்னுட்டா" என்றாள்.

நான் அதை அப்படியே உக்கிராண அறையில் மேல் பலகையில் ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் கூட்டும்போது ஊஞ்சலுக்கு அடியிலிருந்து ஏழு மிட்டாய்த் தாள் துடைப்பத்தோடு வந்தது. பேத்திக்கு எட்டு வயது. முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள். விழுந்திருந்தால்? அன்றைக்குத்தான் உறைத்தது. அது அவள் பண்டம், குளிரில் நடையாய் நடந்து சேர்த்தது. கேட்காமல் எடுத்து ஒளித்தது என் தப்பு.

உறையை வளவில், தரையில் கொட்டினேன். "நீயே பிரி" என்றேன். மொத்தம் 86. கெட்டி மிட்டாயெல்லாம் ஒரு பக்கம்; தம்பிக்கு மூன்று வயதுதான், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பல்லில் ஒட்டுகிற சவ்வு மிட்டாய் இன்னொரு பக்கம். மிச்சம் சாக்லேட். அதில் சிலது வெள்ளை பூத்திருந்தது. கெட்டுப்போச்சு என்று மகள் எறியப் போனாள். அது பூஞ்சணம் இல்லை. கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும், மறுபடி உறையும்போது மேலே வந்து அப்படிப் படியும். ருசி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அமெரிக்க இதயச் சங்கம் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சேர்க்கிற சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. தாளில் போட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தால் மூன்று குட்டிச் சாக்லேட்டிலேயே கணக்கு முடிகிறது. இங்கே கந்தரப்பம், மாவுருண்டை வேறு. அதனால் நாளைக்கு இரண்டு, அதுவும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. அப்போது வாயில் எச்சில் நன்றாக ஊறும், பல்லுக்கு அது காவல். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாய் வாயில் அதக்கிக்கொண்டே இருப்பதுதான் பல்லை அரிக்கும். எந்த இரண்டு என்பதை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதிலிருந்து தாள் என் கையிலேயே வந்தது.

எறும்புக்கு நம் வழிதான். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் எவர்சில்வர் டப்பா. காலையில் தண்ணீர் மாற்றுவது பேத்தி பொறுப்பு. விளிம்பு வரை வந்து, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற எறும்பைத் தம்பிக்குக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

நோன்பன்று ராத்திரி 21 நூல் திரியை இனிப்பு மாவில் வைத்துச் ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டு இழை எடுத்துக்கொண்டோம். "ஆயா, இது இன்னைக்குக் கணக்குல வருமா?" என்று கேட்டாள். வராது என்று சொல்லிவிட்டேன்.

கெட்டி மிட்டாயை எதிர்வீட்டுப் பெரிய பிள்ளைகளுக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சவ்வு மிட்டாயை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது டப்பாவில் ஒன்பது சாக்லேட். "நீயும் சாப்பிட்டப்புறம் ரெண்டுதான் ஆயா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியாது. தாம்பாளத்துக்குத் தினமும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.