சென்னப்பட்டணத்துக் கிண்ணம்

பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் சென்னப்பட்டணத்தில் ஒரு மரக்கிண்ணம் வாங்கினேன். அங்கே எல்லோருக்கும் பொம்மைதான் கண்ணில் படும். எனக்குக் கடைசல் பட்டறையை விட்டு நகர மனமில்லை.

உளி பட்டதும் மரம் சுருள் சுருளாக உரிந்து விழுகிறது. மரம் வேறெதுவும் இல்லை, நம்ம வெட்பாலைதான் (சொரியாசிஸுக்கு எண்ணெய் எடுப்பார்களே, அதே). அப்புறம் சுழலும் கிண்ணத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடுகிறது. பிரஷ்ஷே கிடையாது! கடைசியில் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் அப்படி ஒரு மினுமினுப்பு.

சூடாக ரசம் கிசம் ஊற்றிவிடக் கூடாது, அரக்கு தாங்காது. முந்திரி, திராட்சைக்குச் சரி. எங்கள் வீட்டில் அதற்குள் யாரோ சில்லறை போட்டு வைத்துவிட்டார்கள்.