பேர்லின் எங்கே இருக்கிறது?

எங்கள் புவியியல் மாஸ்டர் காலமான செய்தி போன மாசியில் வந்தது. அன்றிரவு 'சிம்பிள் மைண்ட்ஸ்' குழுவின் 'எம்பயர்ஸ் அண்ட் டான்ஸ்' இசைத்தட்டைப் போட்டு முழுவதும் கேட்டேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

மாஸ்டருடைய பாடம் என்னோடு படித்த உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், அந்தக் கிழிந்த உலகப் படமும். ஒன்பதாம் வகுப்பில் பேர்லினைக் காட்டச் சொன்னார். இரண்டு ஜேர்மனிக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் விரலை வைத்தேன். "கோட்டில இல்லையடா, கிழக்குக்கு உள்ளுக்க கிடக்கு" என்று சொல்லி, மணி அடிக்கும்வரை வாங்கில் ஏற்றி நிறுத்திவிட்டார். பக்கத்து வகுப்புப் பெடியள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தவணை முழுக்க நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

1984இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரெயிலில் மேற்கே போனபோது அந்த வாங்குதான் நினைவுக்கு வந்தது. என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொன்ன வழி ஒன்றும் பிடிபடவில்லை, மாஸ்டர் சொன்னது பிடிபட்டது.

கோப்பை கழுவிய இடத்தில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெடியன் அந்த 'எம்பயர்ஸ் அண்ட் டான்ஸ்' கசெற்றைத் தந்தான். கிளாஸ்கோவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஜிம் கெர், சார்லி பேர்ச்சில் இருவரும் சேர்ந்து நடத்திய குழு. ஐரோப்பாவில் கச்சேரி செய்து திரிந்தபோது கண்ட எல்லைகள், சீருடைகள், பாஷை புரியாத ஊர்கள், குண்டுவெடிப்புப் பதற்றம் எல்லாவற்றையும் கெர் பாட்டில் போட்டார். 1980இல் தட்டு வந்தபோது அவருக்கு 21 வயது. முதற்பாட்டு 'ஐ ட்ராவல்' எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ரெயில் மாதிரி ஓடும். எனக்குச் சொல்லத் தெரியாமல் நெஞ்சில் கிடந்ததை, நான் வர நாலு வருசத்துக்கு முன்னரே யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். எத்தனை இரவு அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். டிரம்ஸ் வாசித்த பிரயன் மக்கீ, ஓயாத பயணம் போதும் என்று 1981இல் விலகிவிட்டார். அப்படி விலகிப் போய் இருக்க அவருக்கு ஒரு கிளாஸ்கோ இருந்தது.

சரி, மாஸ்டருக்கு வருகிறேன். வந்த முதல் மாதமே அவருக்கென்று ஒரு பேர்லின் வரைபடம் வாங்கினேன். கோப்பை கழுவுகிறேன் என்று அவருக்கு எழுத வெட்கமாக இருந்தது, நல்ல வேலை கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகுதான் படத்தையும் கடிதத்தையும் ஒன்றாக வைத்து அனுப்பினேன். அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது.