கொல்லனிடம் கொடுத்த அரிவாள்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் ஒரு கட்டுரைக் கேள்வி உண்டு. ஆண்டுதோறும் புதிதாக வரும் இந்தக் கேள்விகளில் பலவும் அங்கே படிக்கிற, படித்து முடித்த மாணவர்கள் எழுதி அனுப்பியவை. 'எக்ஸைக் கண்டுபிடி' என்பது ஓர் ஆண்டில் முழுக் கேள்வியாகவே வந்தது. பழைய கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளவும் வழி இருப்பதால், 'ஒற்றைப்படை எண்களில் அப்படி என்ன விநோதம்?' என்ற கேள்வியை எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒற்றைப்படைக்கும் விநோதத்துக்கும் ஒரே சொல். கோவில்பட்டிக்காரனுக்கு ஒற்றைப்படையில் விநோதம் ஏது? மொய் 101 ரூபாய் அல்லது 501 ரூபாய். தாலிக்கு மூன்று முடிச்சு. கொலுவுக்கு ஐந்து படி, ஏழு படி. மொய்யை இரட்டைப்படையில் எழுதினால்தான் எங்கள் ஊரில் ஏறிட்டுப் பார்ப்பார்கள். அப்பாவின் மொய் நோட்டைப் பற்றியே முழுக் கட்டுரையையும் எழுதினேன்.

நான் போயிருந்த ஆலோசனை நிறுவனத்தில் அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பாதே. தலைமைப் பண்பு, சமூக சேவை என்று நாங்களே எழுதித் தருகிறோம்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்" என்றார். என் கட்டுரையே போனது. அதனால்தான் இடம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத்தான் இடம். தகுதி இருந்தும் கிடைக்காதவர்கள் ஏராளம். ஆனால் இன்னொருவர் எழுதிய கட்டுரையோடு இங்கே வந்திருந்தால், பிறகு நடந்தவற்றை என்னால் தாங்கியிருக்க முடியாது.

பணத்தைப் பற்றி ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் கனவிலும் எண்ணிப் பார்க்காத தொகை. வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை தேவை என்றால், சேர்க்கையை முடிவு செய்யும்போதே அதையும் கணக்கில் எடுக்கிறார்கள். எனவே விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். முதலில் இடம் வரட்டும், உதவியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் வந்து இறங்கினேன். நகரின் தெற்கே ஹைட் பார்க். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், கூரை விளிம்பில் வாய் பிளந்த கல் பூதங்கள், கிழக்கே கரை தெரியாத மிச்சிகன் ஏரி. உப்பு வாடை இல்லாத கடல் என்று வீட்டுக்கு எழுதினேன்.

எந்தப் பட்டத்துக்கு வந்தவராக இருந்தாலும் இங்கே இலக்கியம், தத்துவம், அறிவியல், கலை எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். 'கோர்' என்று சொல்லும் இந்தப் பொதுப் பாடங்கள் மொத்தப் படிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பருவம் ஒன்றுக்குப் பாடம் நடப்பது ஒன்பதே வாரம் என்பதால் மூன்றாம் வாரமே இடைப்பருவத் தேர்வு வந்து நிற்கும். கணக்குத் தேர்வுகளை நான் சமாளித்துவிட்டேன். என்னைத் திணறடித்தது மேசை. இலக்கிய வகுப்பில் இருபது பேருக்கும் குறைவானவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படித்து வந்ததைப் பேச வேண்டும். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பில் வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை என்று பழகியவன் நான். ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசினால் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும். இங்கே எதிரில் இருந்த பெண், பேராசிரியரின் கருத்தைத் தனக்கு ஏற்க முடியவில்லை என்று முதல் நாளே சொன்னாள். அவர் மகிழ்ந்துபோய் "ஏன்?" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சொல்ல ஒரு வாக்கியத்தை மனதுக்குள் இலக்கணப் பிழையின்றி அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கத்துக்குப் போய்விடும். இலையுதிர்ப் பருவம் முழுவதும் அப்படியே போயிற்று.

ஆறுதல் நூலகத்தில் கிடைத்தது. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எனக்கு ரெகன்ஸ்டைன் நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் வேலை. 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினை நிகழ்ந்த பழைய விளையாட்டரங்கம் இருந்த இடத்தில்தான் இந்த நூலகம் நிற்கிறது. எனக்கோ அங்கே முதலில் கண்ணில் பட்டது பி.எல். 4758 என்ற எண்: தமிழ் இலக்கியம். வரிசை வரிசையாகத் தமிழ் முதுகுகள். பள்ளி நாட்களில் கைபேசியில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் தேடும்போதெல்லாம் அந்தப் பக்கத்தின் முகவரியில் சிகாகோ என்று இருக்கும். காரணம் அன்றுதான் புரிந்தது: அதை இணையத்தில் வைத்திருப்பதே இந்தப் பல்கலைக்கழகம்தான். 1962இல் இங்கே ஆசிரியராக வந்த, பின்னாளில் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கவிஞர் ஏ.கே. ராமானுஜன், பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குப் போய், உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார். தமிழ் வீட்டில் பிறந்தவருக்கே அது அங்கேதான் கையில் கிடைத்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே நான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினேன். யாரும் இல்லாத இடத்தில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஜனவரியில், பொங்கலை ஒட்டி, இங்கே ஒரு வழக்கம் உண்டு. குளிர் மிகக் கடுமையான அந்த வாரத்தில் ஐந்து நாள் காலை ஆறு மணிக்கு மாணவர்கள் கூடி உடற்பயிற்சி செய்வார்கள். வெள்ளிக்கிழமை ஏரிக்கரை முனைக்கு நடந்துபோய்ச் சூரிய நமஸ்காரம். மூச்சு உறையும் காற்றில் நூற்றுக்கணக்கானவர்களோடு கிழக்கு நோக்கிக் கைகூப்பியபோது எனக்கு அழுகை வந்தது. திரும்பும் வழியில், இலக்கிய வகுப்பில் என் எதிரே உட்காரும் அதே பெண், "நீ ஏன் பேசுவதே இல்லை? நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது" என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துப் பிளேட்டோ. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதியா? நண்பன் ஒருவன் ஆயுதத்தைக் கொடுத்து வைக்கிறான், புத்தி பிசகிய நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறான், கொடுக்கலாமா? மேசையில் உரிமை, கடமை, ஒப்பந்தம் என்று பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தது. என் கை தானாக உயர்ந்தது.

"எங்கள் ஆச்சிக்கு இது நடந்திருக்கிறது" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆச்சி ஓர் அரிவாளை இரவல் வாங்கியிருந்தாள். ஒரு ராத்திரி அவர் பங்காளிச் சண்டையில் குடித்துவிட்டு வந்து, "என் அரிவாளைக் கொடு" என்று வாசலில் நின்றார். ஆச்சி இல்லை என்றும் சொல்லவில்லை, தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "முனை மழுங்கிப் போயிற்று ஐயா, தீட்டுவதற்குக் கொல்லனிடம் கொடுத்திருக்கிறேன். காலையில் வா" என்றாள். அரிவாள் குதிருக்குப் பின்னால் இருந்தது.

மேசை ஒரு கணம் அமைதியாயிற்று. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பொய் சொன்னது தவறு என்றான் ஒருவன். அவருடைய மானத்தையும் சேர்த்தல்லவா காப்பாற்றினாள் என்றாள் எதிரில் இருந்தவள். வகுப்பு முடியும்வரை ஆச்சியைப் பற்றியே பேச்சு. பேராசிரியர், அடுத்த கட்டுரையை இதைப் பற்றியே எழுதச் சொன்னார்.

அன்று இரவு ஒன்பதரைக்கு, ஊரில் காலை ஒன்பது மணி, ஆச்சியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "காலையில் அவன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றதையும், நான் அரிவாளை நிஜமாகவே தீட்டி வைத்துக் கையில் கொடுத்ததையும் சொன்னாயா ஐயா?" என்றாள்.

சொல்லவில்லை. அது எனக்கே அதுவரை தெரியாது. அழைப்பை முடித்துவிட்டு, கட்டுரையை அங்கிருந்து தொடங்கினேன்.