தோலுக்கு ஒத்துவந்தது

14.06.2025, சனி

அலுமாரியின் கீழ்த்தட்டில் பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்ததை இன்றைக்கு வெளியே எடுத்தேன். எறிவதற்குத்தான் எடுத்தேன். பிரித்துப் பார்த்ததும் எறிய மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேப்பர் முழுக்க எண்ணெய்க் கறை, சூடான வடை கட்டிக்கொடுத்த பேப்பர் மாதிரி. அந்த ரோஸ் நிற ஜெலிப் பொருளின் பக்கவாட்டில் பேப்பரின் எழுத்துகள் தலைகீழாகப் பதிந்திருந்தன. மரண அறிவித்தல் பக்கம். "அன்னாரின்" என்ற சொல்லைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி வாசிக்க முடிந்தது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மை உள்ளுக்கே இறங்கிவிட்டது.

மை உள்ளே போகிறதென்றால், உள்ளே இருப்பதும் வெளியே வரும்.

இது வைப்ரேட்டர். ஐந்து மாதத்துக்கு முன் இணையத்தில் வாங்கியது. எனக்கு 46 வயது, உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். மகள் பேராதனைக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் நானும் இவரும் மட்டும். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கரப்பன். கவரிங் தோடு போட்டால் காது நீர் வடியும். பலூன் ஊதினால் உதடு தடிக்கும். இப்படிப்பட்ட தோலோடு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி வாசிக்காமல் அதை வாங்கினேன். அன்று இரவு தொடங்கிய எரிவு மூன்று நாள் விடவில்லை. சலம் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

இவரிடம் சொல்லவில்லை. அதுதான் பெரிய பிழை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

15.06.2025, ஞாயிறு

கச்சான் காற்று நாள் முழுக்க அடிக்கிறது. திருக்கோணமலையில் உவர்மலை மேட்டில் வீடு என்றாலும் மத்தியானம் அடுப்படிக்குள் நிற்க முடியாது. வியர்வையும் உள்பாவாடை நாடாவும் சேர்ந்தாலே என் இடுப்புச் சிவந்துவிடும்.

நேற்றுப் பார்த்த எண்ணெய்க் கறையைப் பற்றி வகுப்பில் சொல்வது போலவே இங்கேயும் எழுதி வைக்கிறேன். அந்த ஜெலிப் பொருள் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. பிவிசி இயல்பில் கடினமானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் எவ்வளவு விறைப்பு! அதைத் தொய்ய வைக்க தலேற்று என்ற எண்ணெய்த்தன்மையான சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவை பிவிசியின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளோடு பிணைப்பில் இல்லை, அவற்றுக்கு இடையில் சும்மா தங்கியிருக்கின்றன. சூடும் உராய்வும் எண்ணெயும் பட்டால் கசியும். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசம் இதிலும் வந்தது. அந்த வாசத்தை நான் அன்றைக்கே மதித்திருக்க வேண்டும்.

2005இல் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களில் சில தலேற்றுகளை 0.1 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாதென்று சட்டம் கொண்டுவந்தது. பெரியவர்கள் உடலின் மிக மெல்லிய தோலில் வைக்கும் பொருள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. 2006இல் டென்மார்க்கின் சுற்றாடல் முகவரகம் செக்ஸ் டோய்களில் உள்ள இரசாயனங்களைப் பற்றி ஓர் ஆய்வே வெளியிட்டது, அதிலும் தலேற்று அகப்பட்டது. இந்தப் பொருட்களுக்கென்று ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது 2021இல்தான். இத்தனை காலம் இதை யாரும் கேட்கக்கூட வெட்கப்பட்டிருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குக் கோபம் வருகிறது.

19.06.2025, வியாழன்

தோல் டொக்டரிடம் போனேன். ஜனவரியில் வேறோர் இடத்தில் காட்டியபோது, எரிவு என்று சொன்னதும் பார்க்காமலே பங்கசுக் கிறீம் எழுதித் தந்தார்கள். பூசப்பூசக் கூடியது. நானும் அங்கே என்ன பட்டதென்று வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு இந்த டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அந்த இடத்தில என்னென்ன படுது? எல்லாத்தையும் சொல்லுங்கோ, நான் எழுதிக்கொள்ளுறன்." பெண் டொக்டர், என்னைவிட இளையவர். சவர்க்காரம், டெட்டோல் கலந்த தண்ணீர், வாசனை போட்ட மாதவிடாய் பாட், ஈரக் கடதாசி என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "என்ன பொருளால செய்தது?" என்றார். பேனை மட்டும் ஓடியது. வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் அழுகை வந்தது. நோவால் வந்த அழுகை இல்லை.

அவர் சொன்னது தொடுகைத் தோலழற்சி. தொற்று இல்லை. பிடிக்காத பொருள் பட்டதால் வந்த புண். இரண்டு கிழமைக்கு வெறும் தண்ணீர் மட்டும். டெட்டோல் அந்தப் பக்கமே போகக்கூடாது. குளித்ததும் ஒற்றித் துடைத்து, மெல்லிசாக வாசனையில்லாத வஸ்லின். அவர் தந்த ஒயின்மென்ட் சொன்ன நாளுக்கு மட்டும். இந்த வயதில் ஈஸ்திரோஜன் குறையக் குறைய அங்கேயுள்ள தோல் மெலியும், வரளும், யோனிக்குள் 3.8 முதல் 4.5 வரை இருக்க வேண்டிய பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அதுவும் ஏறும் என்று விளக்கினார். வரட்சி நீடித்தால் அதற்கென்று ஈஸ்திரோஜன் கிறீம் இருக்கிறது, பிறகு யோசிக்கலாம் என்றார். என் உடம்புக்கு என்னவோ கேடு என்றுதான் ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

22.06.2025, ஞாயிறு

பின்னேரம் டச்பே கடற்கரையில் நடந்தோம். கடலை வாங்கி இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். கோணேசர் மலைப் பக்கம் வெளிச்சம் மங்கும் நேரம். அங்கேதான் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, தை மாசத்தில இருந்து நான் விலகிப் படுத்ததுக்குக் காரணம் நீங்கள் இல்லை."

அவர் கடலைக் கோதை உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் அப்பிடித்தான் நினைச்சன். எனக்கு வயசு போட்டுது, உனக்கு என்னில விருப்பமில்லாமல் போச்சு எண்டு," என்றார். "எரிஞ்சால் எரியுது எண்டு சொல்லலாம்தானேம்மா."

சொல்லலாம். 22 வருடம் ஒன்றாக இருந்தும் சொல்லவில்லை. அவர் என் பக்கத்தில் படுத்தபடி எத்தனை இரவு முழிப்பாக இருந்திருப்பார் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

27.06.2025, வெள்ளி

சிவப்பு அடங்கிவிட்டது. ரொறன்ரோவில் தாதியாக இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதி அடுத்த மாதம் வருகிறாள். வீடியோவில் கூப்பிட்டாள், கடைக்குள் நின்றபடியே.

"எடி, மெடிக்கல் கிறேட் சிலிக்கோன் எண்டு போட்டிருக்கு. வேற என்ன பாக்க?"

"முழுக்கச் சிலிக்கோனா, மேல பூச்சு மட்டுமா எண்டு கேள். மணந்து பார். சேர்ப்பு விளிம்பு கூரா இருக்கா, விரலால தடவு. பூ டிசைன், வரி, கணு ஒண்டும் வேண்டாம், வழுவழுப்பா இருக்கட்டும்."

அவள் கடையில் நின்றே மணந்தாள். எனக்காக. வாசமே இல்லை என்றாள். கழுவக்கூடிய விதத்தில் தண்ணீர் புகாதது, வெளிப்புறத்துக்கு மட்டுமானது, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இரும்பில் செய்ததும் ஒன்று இருந்ததாம். நல்ல துருவேறா உருக்கிலிருந்து நிக்கல் மிகக் குறைவாகத்தான் வெளிவரும், பலருக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் தோடு போட்டே நீர் வடியும் எனக்கு அது வேண்டாம். கண்ணாடியில் செய்ததில் போரோசிலிக்கேற்று நல்லது, எங்கள் ஆய்வுகூட முகவைகளும் அதே கண்ணாடிதான். நுண்துளை இல்லை, எதையும் உறிஞ்சாது. மென்மையான ரப்பர் போலிருக்கும் டிபிஇ வகைகளில் நுண்துளை உண்டு, எவ்வளவு கழுவினாலும் உள்ளே அழுக்குத் தங்கும். அதை நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

06.07.2025, ஞாயிறு

சிநேகிதி வந்து இறங்கிவிட்டாள். பொருளோடு இரண்டு விதமான வழுக்கு ஜெல்லும் கொண்டுவந்தாள். பொருளைவிட ஜெல்தான் பலருக்குப் புண் செய்கிறது என்று சொன்னாள். அதை நம்புகிறேன், ஏனென்றால் கணக்கு எனக்குப் புரிகிறது.

திருக்கோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கருவாடு தெரியும். மீனைக் கீறி உப்புப் போட்டால் சற்று நேரத்தில் சட்டியில் தண்ணீர் நிற்கும். உப்புக் கூடிய பக்கத்துக்கு மீன் தன் தண்ணீரை விடுகிறது. அதுதான் பிரசாரணம். கிளிசரின், புரோபிலீன் கிளைக்கோல் கூடிய ஜெல்லும் நம் கலங்களிடமிருந்து அப்படியே தண்ணீரை இழுக்கும். பூசும்போது வழுக்கும், பிறகு முன்னையைவிட வரளும், மேற்படை உரியும். உடல் திரவத்தின் பிரசாரணச் செறிவு கிலோவுக்கு ஏறக்குறைய 290 மில்லியொஸ்மோல். உலக சுகாதார நிறுவனம் 2012இல் 380ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, இப்போதைக்கு 1200 வரை பொறுக்கலாம் என்று சொன்னது. கடையில் விற்கும் சில ஜெல்கள் 2000ஐயும் தாண்டும். சூடு தரும், குளிர்ச்சி தரும் என்று விற்பவை எரிவதற்கென்றே செய்தவை, என்னைப் போன்றவர்கள் தொடவே கூடாது.

இரண்டையும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் பார்க்கப் போகிறேன். இடது கையில் ஒன்று, வலது கையில் மற்றது. ஐந்து ரூபாக் குத்தி அளவு இடம், நாளுக்கு இரண்டு தரம், ஏழு நாள்.

09.07.2025, புதன்

இடது கை கடிக்கிறது. சின்னச் சின்னக் குறு. அந்தக் குழாயைத் திருப்பிப் பார்த்தால் இரண்டாவது பெயரே புரோபிலீன் கிளைக்கோல். 2018இல் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் அதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. வலது கை சுத்தமாக இருக்கிறது.

இவர் கேட்டார், "தேங்காயெண்ணெய் காணாதா?" என் தோலுக்கு அது நல்லதுதான், சிலிக்கோனுக்கும் கெடுதி இல்லை. ஆனால் லேற்றெக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெயும் சேரக்கூடாது, சில நிமிடத்திலேயே ரப்பர் பலமிழந்து கிழியும். எனக்கு லேற்றெக்ஸ் எப்படியும் ஆகாது, அந்தக் கவலை எங்கள் வீட்டில் இல்லை. இன்னொன்று, சிலிக்கோன் ஜெல்லைச் சிலிக்கோன் பொருளில் பூசினால் மேற்பரப்பு பிசுபிசுக்கலாம். அதனால் தண்ணீரில் செய்த ஜெல்.

13.07.2025, ஞாயிறு

ஏழு நாள் முடிந்தது. வலது கை ஜெல் தேறிவிட்டது. கையில் தேறியது அங்கேயும் தேறும் என்று உறுதி இல்லை, அந்தத் தோல் இன்னும் மெல்லியது. அதனால் வெளி இதழில் ஒரு பயறளவு தடவி இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பொருளைக் கழுவுவதில் இன்றைக்கு நிறைய நேரம் போயிற்று. மோட்டர் உள்ளதை அவிக்க முடியாது. மோட்டர் இல்லாத முழுச் சிலிக்கோன் என்றால் மூன்று நான்கு நிமிடம் கொதிக்க வைக்கலாம். வாசனை இல்லாத குழந்தைச் சவர்க்காரத்தில் இரண்டு துளி. பிறகு அலசினேன், அலசினேன், விரலால் தேய்த்தால் கிறீச் என்று சத்தம் வரும் வரை. வழுக்கினால் சவர்க்காரம் இன்னும் மிச்சம். பலருக்குக் கடிப்பது இந்த மிச்சம்தான் என்பது என் எண்ணம். துவாயில் துடைத்தால் பஞ்சு ஒட்டுகிறது. இவரின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன், மிச்சத் துண்டில் ஒரு சின்னப் பை தைத்தேன்.

19.07.2025, சனி

நேற்று இரவு.

மின்விசிறி சுழன்றது, கச்சான் யன்னல் சட்டத்தை ஆட்டியது. முதலில் உள்ளாடைத் துணிக்கு மேலால், மிகக் குறைந்த வேகத்தில். பிறகு ஜெல்லோடு. ஒரே இடத்தில் அழுத்தி வைக்காமல், நகர்த்தியபடி. எரிவு தொடங்கினால் நிறுத்துவது என்று முதலே பேசி வைத்திருந்தோம். இவர் ஒவ்வொரு சின்ன நேரத்துக்கும் "பரவாயில்லையா?" என்று கேட்டார். மூன்றாவது தரம் நான் "கேக்காதீங்கோ" என்றேன். இருவருமே சிரித்தோம். பத்து நிமிடத்துக்கு மேல் போகவில்லை. இன்னும் வேண்டும் போல இருக்கும்போதே நிறுத்தினேன், தோல் மறுநாள்தான் பதில் சொல்லும் என்பதால். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வஸ்லின் பூசிப் படுத்தேன்.

காலையில் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். சிவப்பு இல்லை. இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லை, நல்லா இருக்கு," என்றேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் தேத்தண்ணியையும் அங்கேயே குடித்தார். வழமையாக அவர் வாசலில் நின்றுதான் குடிப்பார்.

20.07.2025, ஞாயிறு

ஜெலிப் பொருளைப் பேப்பரோடு சேர்த்துக் கறுப்புப் பையில் கட்டி எறிந்துவிட்டேன். கீழ்த்தட்டை வெந்நீரில் துடைத்தேன், வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

புதியது வேட்டிப் பையில், சேலைகளுக்குப் பின்னால், மேல்தட்டில். மற்ற மென்பிளாஸ்டிக் ஒன்றும் அதில் முட்டாது. ஜெல் குழாயின் பின்புறத்தில் திறந்த மூடி மாதிரி ஒரு படம், அதற்குள் 6 என்று இருக்கிறது. திறந்து ஆறு மாதம். ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தல்களில் எழுதும் அதே கறுப்புப் பேனையை எடுத்து, பட்டைத்தாள் ஒட்டி எழுதினேன்: திறந்தது 06.07.2025.